மானியகேடம் வீழ்ந்த ஆண்டு

கருநாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், காகிணா ஆற்றங்கரையில் மால்கேட் என்றோர் ஊர் உள்ளது. இராட்டிரகூடப் பேரரசின் தலைநகராய் விளங்கிய மானியகேடம் இதுவே. அமோகவர்ஷன் காலத்தில் ஏற்றம் பெற்ற இந்நகரம் சமண நூலோருக்குப் புகலிடமாயிற்று. அம்மன்னன் போற்றிய ஜினசேனர் தொடங்கிய ஆதிபுராணத்தை அவர்தம் மாணாக்கர் குணபத்திரர் நிறைவு செய்தார். பின்னாளில் மூன்றாம் கிருஷ்ணனின் அமைச்சர் பரதர், எங்கோ அலைந்து திரிந்து வந்த புலவர் புஷ்பதந்தரைத் தம் இல்லத்தில் இருத்தி, அபப்பிரம்ச மொழியில் மகாபுராணம் பாடுவித்தார். அந்நூல் 965இல் முற்றுப்பெற்றது.

தமிழகக் கல்வெட்டுகள் கன்னரதேவன் எனக் குறிக்கும் அந்தக் கிருஷ்ணன், 949இல் தக்கோலத்தில் சோழரை வென்றவன். ஆனால் தெற்கே பெற்ற வெற்றி வடவெல்லைக்குக் காவலாகவில்லை. 967இல் அவன் மறைந்தபின் தம்பி கொட்டிகன் அரியணை ஏறினான். முன்பு இராட்டிரகூடருக்கு அடங்கியிருந்த மாளவத்துப் பரமார மன்னன் சீயகன் எதிர்த்தெழுந்தான். நருமதைக் கரைப் போரில் கொட்டிகன் தோற்றான். பரமாரப் படை தெற்கே விரைந்து வந்து தலைநகரைச் சூறையாடியது.

அந்த ஆண்டை உறுதிப்படுத்துவது போர்க் கல்வெட்டன்று, ஓர் அகராதி! தாரா நகரத்துத் தனபாலர் தம் தங்கை சுந்தரிக்காகப் 'பாயியலச்சி' என்னும் பிராகிருதச் சொற்கோவையை இயற்றினார். மாளவர் மானியகேடத்தைக் கொள்ளையிட்ட விக்கிரம ஆண்டு 1029இல், அதாவது கி.பி. 972-73இல், அதனை முடித்ததாக இறுதியில் குறித்தார். வென்றவர் நாட்டில் அக்கொள்ளை காலம் குறிக்க உதவும் செய்தியாயிற்று. தோற்ற நகரிலோ, புஷ்பதந்தரின் மகாபுராணச் சுவடிகள் சிலவற்றில், எரியுண்ட நகருக்கு இரங்கி இனித் தமக்கு உறைவிடம் ஏது எனப் புலவர் வினவும் பாடலொன்று காணப்படுகிறது. தனபாலரும் பின்னர்ச் சமணம் தழுவினார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

973இல் சாளுக்கியத் தைலபன் இராட்டிரகூட ஆட்சியை முடித்தான். அரச குலத்தைத் தாங்க முயன்ற கங்க மன்னன் மாரசிம்மன் அரசு துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியர் திருமுன் சல்லேகனை நோற்று உயிர்நீத்தான். அவன் முடிசூட்டிய கிருஷ்ணனின் பெயரன் நான்காம் இந்திரனும் நாடு மீளப் பெறாமல், 982இல் சிரவணபெளகொளத்தில் அந்நோன்பையே மேற்கொண்டான். மால்கேட்டில் இன்றும் நேமிநாதர் பசதி ஒன்று நிற்கிறது.