யாருக்குத் திறக்கிறது கதவு?

"விசா வேண்டியதில்லை, வாருங்கள்!" என்று நாடுகள் வாயிலில் நின்று அழைக்கும் காலம் இது. 2023 நவம்பர் முதல் இந்தியர் விசாவின்றி வந்து 30 நாள் தங்கலாம் என்று அறிவித்தது தாய்லாந்து அரசு. 2024 ஜூலை 15 முதல் 93 நாட்டினருக்கு 60 நாள் என்று கதவை மேலும் அகலத் திறந்தது. நெடுநாள் தங்க விரும்புவோர்க்கென அதே ஆண்டில் தனி விசா ஒன்றையும் அமைத்தது. ஐந்தாண்டு செல்லும், ஒருமுறை வந்தால் 180 நாள் தங்கலாம். ஆனால் கையில் 5 லட்சம் பாட் இருப்பதாகக் காட்டவேண்டும்!

செய்தி கேட்டு மகிழ்ந்தோர் பலர். நாமும் மகிழ்கிறோம். ஊர் சுற்றுவது அறிவைப் பெருக்கும். அயலாரைக் காண்பது அகந்தையைக் குறைக்கும். எனினும் மகிழ்ச்சியோடு நின்றுவிட நமக்கு மனம் வரவில்லை. கதவு திறக்கப்படுகிறது என்கிறார்களே, அது மூடப்பட்டது எப்போது? மூடியவர் யார்? யாரைக் கண்டு மூடினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

கடவுச் சீட்டும் விசாவும் நாடுகள் தோன்றிய நாளிலேயே தோன்றியவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மன்னர்கள் தம் தூதர்க்கும் வணிகர்க்கும் ஓலை கொடுத்து அனுப்பியதுண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை நாட்டுக்கு நாடு நீண்டு, மக்கள் ஆயிரக்கணக்கில் பயணம் செய்யத் தொடங்கியபோது, ஒவ்வொருவரையும் நிறுத்திச் சீட்டுப் பார்க்க எந்த அரசாலும் இயலவில்லை. மேற்கு ஐரோப்பிய நாடுகளிற் பெரும்பாலானவை அந்த வழக்கத்தையே கைவிட்டன. 1914க்கு முன் ஐரோப்பாவில் கடவுச் சீட்டைக் கண்டிப்பாகக் கேட்ட பேரரசுகள் உருசியாவும் துருக்கியுமே. இலண்டனில் வண்டி ஏறியவன் எந்தத் தாளையும் காட்டாமல் பாரிசுக்கும் உரோமாபுரிக்கும் போய்த் திரும்பலாம்.

பொற்காலம் என்று போற்றலாமா? பொறுங்கள். அந்தக் காலத்திலும் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1882இல் அமெரிக்கா சீனருக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. யாருக்குத் தடை? உழைக்க வந்த கூலியாளுக்கு! வணிகருக்கும், ஆசிரியருக்கும், மாணவருக்கும், ஊர் பார்க்க வந்தவருக்கும் விலக்கு உண்டு. இருப்புப்பாதை போட முதுகு வளைத்தவன் வேண்டாதவன். பட்டுச் சட்டையோடு வந்தவன் விருந்தாளி! பத்தாண்டுக்கு மட்டும் என்று சொல்லி வந்த அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டு, பின்னர் நிலையாக்கப்பட்டு, 1943இல்தான் நீக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் சூழ்ச்சி இதனினும் நயமானது. 1901இல் அங்கு வந்த சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. தேர்வு என்ற சொல் இருந்தது. அதிகாரி ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் படிப்பார். வந்தவர் பிழையின்றி எழுதவேண்டும். எந்த மொழி என்பதை முடிவு செய்பவர் அதிகாரி. ஆங்கிலம் அறிந்தவர் வந்தால் வேறு மொழியிற் படிக்கலாம் அல்லவா? தேர்வின் நோக்கம் அறிவை அளப்பதன்று, ஆளைத் திருப்பி அனுப்புவதே. 1958 வரை அத்தேர்வு சட்டப் புத்தகத்தில் இருந்தது.

கனடா கண்ட வழி கடல் வழி. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நில்லாமல் நேரே வந்தவர்க்கே இடம் என்று 1908இல் விதி வகுத்தது. இந்தியாவிலிருந்து நேரே கனடாவுக்குச் செல்லும் கப்பலோ இல்லை! இந்தியர் என்ற சொல்லை எழுதாமலே இந்தியரைத் தடுத்தாகிவிட்டது.

அந்த விதியோடு மோதிய கப்பல்தான் கோமகாட்டா மாரு. ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு, 376 பயணிகளுடன், 1914 மே 23 அன்று வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் சீக்கியர். அனைவரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள். கனடாவும் அதே பேரரசின் பகுதி. ஒரே மன்னன், ஒரே கொடி. ஆனால் கரை மட்டும் அவர்களுக்கு உரியதன்று! முன்பே கனடாவில் வாழ்ந்திருந்த சிலர் தவிர மற்றவர்கள் இரண்டு மாதம் கரையைப் பார்த்தபடி கப்பலிலேயே கிடந்தனர். ஜூலை 23 அன்று கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பர் 29 அன்று கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது அவர்களை வரவேற்றது துப்பாக்கி. சுமார் 20 பேர் அங்கே மாண்டனர். 2016 மே மாதம் கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 102 ஆண்டுக்குப் பிறகு வந்த மன்னிப்பு!

அந்தக் கப்பல் கடலில் இருந்தபோதே முதல் உலகப் போர் மூண்டது. ஒற்றர் நுழைவர் என்ற அச்சம் ஒரு பக்கம். படைக்கு வேண்டிய இளைஞர் வெளியேறிவிடுவர் என்ற கவலை மறு பக்கம். அரசுகள் எல்லைகளை அடைத்தன. கடவுச் சீட்டும் விசாவும் கட்டாயமாயின. போர்க்கால ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். 1918இல் போர் நின்றது. ஏற்பாடு நின்றதா? இல்லை! 1920 அக்டோபரில் நாடுகளின் சங்கம் பாரிசில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. கட்டுப்பாடுகள் ஒருநாள் முற்றிலும் நீங்கவேண்டும் என்ற விருப்பத்தை அங்கு வந்தோர் தெரிவித்தனர். அதுவரைக்கும் என்று சொல்லி, 32 பக்கம் கொண்ட ஒரே மாதிரியான புத்தகத்தை வகுத்தனர். 1926இல் ஜெனீவாவில் மீண்டும் கூடினர், மீண்டும் விரும்பினர், மீண்டும் கலைந்தனர். "அதுவரைக்கும்" வகுத்த புத்தகத்தின் வழித்தோன்றல்தான் இன்று நம் பெட்டிக்குள் இருக்கிறது. தற்காலிகமாக வந்தது தங்கிவிட்டது. தங்கிவிட்டதை இயற்கை என்று மக்கள் நம்பிவிட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதவுகள் மெல்லத் திறந்தன. ஆனால் எந்தப் பக்கம்? 1948இல் பிரிட்டன் இயற்றிய சட்டப்படி, அதன் குடியேற்ற நாடுகளிலும் காமன்வெல்த் நாடுகளிலும் பிறந்தவர்கள் தடையின்றி வந்து வாழலாம். போரில் இடிந்த நாட்டை எழுப்பக் கைகள் தேவைப்பட்டன. மேற்கிந்தியத் தீவினரும், இந்தியரும், பாகிஸ்தானியரும் சென்றனர். பேருந்து ஓட்டினர், மருத்துவமனையில் பணி செய்தனர், ஆலையில் இரவு முறை பார்த்தனர். கைகள் வந்தன, கைகளோடு முகங்களும் வந்துவிட்டனவே என்று கலங்கியது பிரிட்டன்! 1962இல் வேலைச் சீட்டு முறை வந்தது. 1968இல், கென்யாவிலிருந்து வரவிருந்த ஆசியரைத் தடுக்க, அவர்கள் கையில் பிரிட்டிஷ் கடவுச் சீட்டே இருந்தபோதும், சில நாட்களுக்குள் ஒரு சட்டம் நிறைவேறியது. 1986இல் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நைஜீரியா, கானா ஆகிய ஐந்து நாட்டினர் உறவினரைப் பார்த்துவர வேண்டுமானாலும் விசா பெறவேண்டும் என்றாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டில், 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்க ஒப்பந்தம் செய்துகொண்டன என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். 1986இலேயே அமெரிக்கா விசா விலக்குத் திட்டத்துக்குச் சட்டம் செய்தது. 1988இல் பிரிட்டன், ஜப்பான் நாட்டினர் விசாவின்றி 90 நாள் தங்க வழி பிறந்தது. ஒரே காலம், ஒரு பக்கம் சுவர் இடிகிறது, மறு பக்கம் சுவர் எழுகிறது. இடித்த செங்கல்லைக் கொண்டே எழுப்பினார்களோ என்று ஐயுறத் தோன்றுகிறது!

விலக்கு என்பதும் உரிமையன்று. 2009 ஜனவரி முதல் அமெரிக்கா செல்லும் விலக்கு நாட்டினரும் முன்கூட்டியே கணினி வழி இசைவு பெறவேண்டியவராயினர். கொடுத்தவர் எடுக்கலாம், குறைக்கலாம், கட்டணம் விதிக்கலாம். பணமிருந்தால் மட்டும் வழி எளிது. போர்ச்சுகல் 2012இலும் ஸ்பெயின் 2013இலும் 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கியவர்க்குத் தங்கும் உரிமை வழங்கின. குடியிருக்கும் மக்களுக்கு வீடு எட்டாக்கனி ஆனதாக எதிர்ப்பு எழுந்தபின், 2023இல் போர்ச்சுகல் வீடு வாங்கும் வழியை மூடியது; 2025 ஏப்ரலில் ஸ்பெயின் திட்டத்தையே முடித்தது.

பிறரைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்டட்டும். 1983ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, அரசின் முன்னனுமதி பெறவேண்டும் என்ற முறை வந்தது. ஏமாற்றும் தரகரிடமிருந்து ஏழையைக் காப்பதே நோக்கம் என்றனர். நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் 2018 ஜனவரியில், அத்தகையோர்க்கு மட்டும் ஆரஞ்சு நிற உறையிட்ட கடவுச் சீட்டு வழங்கப்போவதாக இந்திய அரசு அறிவித்ததே, அது காப்பா, முத்திரையா? படிக்க வாய்ப்பின்றிப் போனதை உலகின் ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஒருவன் கையில் ஏந்தி நிற்கவேண்டுமா? எதிர்ப்பு எழுந்தது, அம்மாத இறுதிக்குள்ளேயே திட்டம் கைவிடப்பட்டது. கேள்வி கேட்டதால் கிடைத்த பயன் அது.

எல்லையே வேண்டாம், காவலே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. குற்றவாளியைத் தடுக்கவும், கொள்ளை நோயைத் தடுக்கவும் எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. நாம் கேட்பது ஒரே அளவுகோல். 2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ ஆயிற்று. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்புவதில்லை. அதே நாடுகளின் குடிமகன் 60 நாள் தாய்லாந்துக் கடற்கரையில் ஓய்வு கொள்ள ஒரு காசும் கட்டவில்லை. இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு ஒழுக்கமா? அறிவா? பிறந்த இடம், அவ்வளவே!

ஆகவே இளைஞர்களே, "விசா வேண்டியதில்லை" என்ற செய்தியைக் காணும்போதெல்லாம் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு வேண்டியதில்லை? எத்தனை நாளுக்கு? உழைக்க வருபவனுக்கும் இதே கதவா, அல்லது அவனுக்கு வேறு வாயிலா? 1882, 1901, 1908, 1914 என்று ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கும் ஓர் ஆண்டு உண்டு. அதைப் போட்ட கையும் உண்டு. 1943இலும் 1958இலும் சில தாழ்ப்பாள்களை மனிதரே நீக்கினர் என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது.