புழுவில் தொடங்கிய கதை

2024 அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசுச் செய்தியைக் கேட்டதும் நம்ம விலங்கியல் லேப்தான் ஞாபகம் வந்தது. நமக்குப் புழு என்றால் மண்புழு. அறுத்தோம், படம் வரைந்தோம், மார்க் வாங்கினோம், மறந்தோம்!

பரிசு பெற்ற விக்டர் ஆம்புரோஸும் கேரி ரவ்குனும் பார்த்தது ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவை. அதிலுள்ள குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று, புரதம் செய்யாமல் இன்னொரு மரபணுவை அடக்குகிறது என்று 1993-இல் காட்டினார்கள். "புழு சமாசாரம்தானே" என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2000-இல் மனிதரிடமும் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. இருப்பது தெரிந்தது.

முதியவர்களுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போவது முன்பே தெரியும். அங்கே நோயைத் தடுக்கும் மரபணு இருக்குமென்று வருஷக்கணக்கில் தேடினார்கள். அகப்படவில்லை. புரதம் செய்யும் மரபணுவை அல்லவா தேடினார்கள்! 2002-இல் கார்லோ குரோச்சே குழு, அங்கே தொலைந்துபோனவை இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் என்று கண்டது.

2008-இல் இவை ரத்தத்திலும் சிதையாமல் கிடைத்தன. ரத்தப் பரிசோதனையிலேயே புற்றை அறியலாம் என்ற ஆசை பிறந்தது. ஆனால் லேபுக்கு லேப் முடிவு மாறுகிறதே, என்ன செய்ய?

மருந்தும் வந்தது. கல்லீரல் புற்று முதலியவற்றுக்காக 2013-இல் மனிதரிடம் தொடங்கிய முதல் சோதனை 2016-இல் நின்றுபோச்சு. எதிர்ப்பாற்றல் தாறுமாறாகி நோயாளிகள் சிலர் இறந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.