பட்டியலின் வாலில் ஒரு புள்ளி

1987 டிசம்பரில் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழிக்கு, 1994இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் மாட்யூல்களை, அதாவது எடுத்துச் சேர்க்கக்கூடிய நிரல்தொகுப்புகளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே சிபான் என்ற பொதுக் களஞ்சியமும் தொடங்க, யாரோ எழுதியதை யாரும் எடுத்துச் சேர்க்கலாம் என்றானது. ஆனால், கேட்ட மாட்யூலை எங்கே போய்த் தேடுவது? அதற்கென்று ‘இன்க்’ என்றொரு பட்டியல் உண்டு. அதிலுள்ள கோப்புறைகளை வரிசையாகப் பார்த்து, முதலில் சிக்கியதை பெர்ல் எடுத்துக்கொள்ளும். ‘பெர்ல்5லிப்’ என்ற சூழல் மாறியிலோ, நிரலுக்குள் ‘யூஸ் லிப்’ என்ற வரியிலோ சொந்தக் கோப்புறையைக் குறித்தால், அது பட்டியலின் தலைப்பக்கம் போய் உட்காரும். பலர் பகிரும் சர்வரில் நிர்வாகி அனுமதி இல்லாதவர்கள் இப்படித்தான் பிழைத்தார்கள்.

பட்டியலின் வாலில் ஒரு புள்ளி இருந்தது. யுனிக்ஸில் புள்ளி என்றால், இப்போது நிற்கும் கோப்புறை. கடைசியில்தானே கிடக்கிறது, என்ன கெட்டுவிடும்?

கெடும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடலாம் என்று சில மாட்யூல்களைத் தேடிப்பார்க்கும் நிரல்கள் ஏராளம். இல்லாத ஒன்றைத் தேடும்போது பெர்ல் பட்டியல் முழுக்க அலைந்துவிட்டுப் புள்ளியிடம்தான் வந்து நிற்கும். எல்லோரும் எழுதக்கூடிய ‘டெம்ப்’ கோப்புறையில் ஒருவர் அதே பெயரில் விஷமக் கோப்பை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். நிர்வாகி அங்கே நின்றபடி அந்த மாட்யூலைத் தேடும் ஒரு கட்டளையைத் தட்டினால், அந்தக் கோப்பு அவருடைய அதிகாரத்தோடு ஓடும். கட்டளைகளைத் தேடும் ‘பாத்’ பட்டியலில் புள்ளியை வைக்காதே என்று காலங்காலமாகச் சொல்லிவந்த யுனிக்ஸ்காரர்கள், மாட்யூல் விஷயத்தில் அசந்துவிட்டார்கள்.

2016இல் இது பாதுகாப்புக் குறையாகவே பதிவாயிற்று. 2017 மே 30 அன்று வெளியான 5.26 பதிப்பில் புள்ளி போனது. அதை நம்பியிருந்த பழைய நிறுவல் நிரல்கள் கோப்பைக் காணோம் என்று நின்றுவிட்டன. அவற்றுக்காக ஒரு சூழல் மாறியையும் விட்டுவைத்தார்கள். அதன் பெயரிலேயே ‘அன்சேஃப்’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள், பயன்படுத்துகிறவர் கொஞ்சம் கூசட்டும் என்றோ என்னவோ.

ரூபி என்ற மொழி 2010இலேயே, 1.9.2 பதிப்பில், புள்ளியை விலக்கியிருந்தது. பைத்தான் மொழியோ நிரல் இருக்கும் கோப்புறையை இன்றும் முதலில் பார்க்கிறது. வேண்டாதவர்கள் தவிர்க்க 2022இல் 3.11 பதிப்பு வழிசெய்தது. பயிற்சிக் கோப்புக்கு ‘ராண்டம்’ என்று பெயர் வைத்துவிட்டு, மொழியோடு வரும் அதே பெயர் மாட்யூல் வேலை செய்யவில்லையே என்று விழிக்கும் மாணவருக்கு, பெயர் மோதுகிறது என்று பிழைச்செய்தியே சொல்லத் தொடங்கியது 2024இல் வந்த 3.13இல்தான்.