பூமியின் மூச்சை அளந்தவர்

செடி கொடிகள் பகலில் கரியமில வாயுவை உள்வாங்கி உணவு தயாரிக்கின்றன. இரவில் அவ்வாயுவை வெளிவிடுகின்றன என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு செடியின் இந்த மூச்சு, பூமி முழுவதன் காற்றிலும் பதிவாகிறது என்பதை அளந்து காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் (1928–2005). அறிவோடு பொறுமையும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அவரது வாழ்க்கை ஒரு சான்று.

1955 இல், கலிஃபோர்னியாவின் பிக் சர் கடலோரக் காட்டில் அவர் கூடாரமிட்டுத் தங்கினார். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குடுவைகளில், நள்ளிரவிலும் எழுந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை காட்டின் காற்றைச் சேகரித்தார். இரவில் கரியமில வாயு கூடியிருந்தது. தாவரங்களும் மண்ணும் வெளிவிட்டது அது. பிற்பகலிலோ, வெயிலால் சூடேறிய காற்று மேலெழுந்து கலந்துவிடுவதால், வெவ்வேறு இடங்களில் அளந்தும் ஏறத்தாழ ஒரே அளவு கிடைத்தது: பத்து லட்சம் பங்கு காற்றில் 310 பங்கு. இடத்துக்கு இடம் அளவு பெரிதும் மாறும் என்ற அக்காலக் கருத்து இதனால் ஆட்டங்கண்டது.

1958 மார்ச்சில், ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அவரது கருவி இடைவிடாது அளக்கத் தொடங்கியது. முதல் அளவு 313. மே வரை அது ஏறியது, பின் இலையுதிர்காலம் வரை இறங்கியது, மீண்டும் ஏறியது. அடுத்த ஆண்டும் அதே கதைதான். நிலமும் காடும் மிகுந்த வடபாதி உலகின் தாவரங்கள் கோடையில் வாயுவை ஈர்த்துக்கொள்கின்றன. குளிர்காலத்தில் உதிர்ந்த இலைகள் மக்கும்போது அது காற்றுக்கே திரும்புகிறது. ஆண்டுக்கொரு மூச்சு!

ஆனால் ஒவ்வோர் ஆண்டின் உச்சமும் முந்தைய ஆண்டினதைத் தாண்டியே நின்றது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்து மனிதன் சேர்த்த சுமை அது. 1964 இல் நிதி குறைந்து, மௌனா லோவாவில் அளவீடு சில மாதங்கள் நின்றுபோனது. கீலிங் மனந்தளரவில்லை; மீண்டும் தொடங்கி, இறக்கும் வரை தொடர்ந்தார். இன்று அவர் மகன் ரால்ஃப் கீலிங் அப்பணியை முன்னெடுக்கிறார். 2013 இல் அந்த எண் 400 ஐத் தொட்டது.

தாவரங்கள் தாம் வாங்கியதைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்கின்றன. நாம் வெளிவிடுவதிலும் ஏறக்குறைய கால் பங்கை அவையே சுமக்கின்றன. கணக்கில் துண்டு விழுவது நம் பக்கத்தில்தான். அந்தக் கணக்கேட்டை நம் முன் விரித்து வைத்தவர் கீலிங். அதை நேர் செய்யும் கடமை நம்முடையது.