ஆடுவோனும் காண்போனும்: வீடியோ விளையாட்டின் மெய்ப்பாடும் காஞ்சிப் பாரதக் கூத்தும்

வீடியோ விளையாட்டு ஆடுபவரை அழவைக்குமா என்ற கேள்வி அத்தொழிலின் இளம்பருவத்திலேயே எழுந்துவிட்டது. கணிப்பொறியால் மனிதரின் கண்ணீரை வரவழைக்க இயலுமா என்று அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1983இல் இதழ் விளம்பரத்தில் கேட்டது. பந்து தட்டுவதும் விண்கலத்தைச் சுட்டு வீழ்த்துவதுமே விளையாட்டாக இருந்த காலத்தில் அது வணிகத்தின் மிகைப்பேச்சு. ஜப்பானில் உருவான ஃபைனல் ஃபேண்டஸி 7 என்ற விளையாட்டில் ஏரித் என்னும் பெண் நடுக்கதையில் கொல்லப்பட்டபோது (1997), உலகெங்கும் ஆடியவர்கள் கலங்கினர்; விளம்பரத்தின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பலர் கருதினர். ஆனால் அந்தக் கொலை, ஆடுபவர் ஒன்றும் செய்ய இயலாமல் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சித் துண்டில் நிகழ்கிறது. அங்கே அழவைப்பதில் பெரும்பங்கு திரைப்படக் கலையினுடையது.

விளையாட்டுக்கே உரிய உணர்ச்சி எது என்பது வேறு கேள்வி. செய்பவரும் காண்பவரும் ஒருவரேயாகி, அவர் கை செய்யக்கூடியதற்கு ஓர் எல்லையும் வகுக்கப்படும் இடத்தில்தான் அது பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. இந்த அமைப்பு கணினியோடு வந்ததன்று. காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்களின் திரௌபதி அம்மன் விழாக்களில் அது நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதை ஆராய்வதற்கான கருவிகள் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலும் அதன் உரைகளிலும் உள்ளன.

தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு என வகுக்கிறது. அழுகைக்கு இளிவும் இழவும் அசைவும் வறுமையும் களங்கள். உவகைக்குரிய நான்கில் விளையாட்டும் ஒன்று. இயலின் முதல் நூற்பாவே விளையாட்டிடத்துத் தோன்றும் பொருள்களைச் சொல்லித்தான் தொடங்குகிறது. சுவை பற்றிய ஆராய்ச்சிக்குக் காஞ்சியோடும் பழைய உறவு உண்டு: எட்டுச் சுவைகளையும் அணியிலக்கணத்துக்குள் கொண்டுவந்த தண்டி பல்லவர் காலக் காஞ்சியைச் சேர்ந்தவர், அவருடைய காவியாதர்சத்தின் வழிவந்த தண்டியலங்காரம் அவற்றைச் சுவையணி என்ற பெயரில் தமிழில் தருகிறது. எனினும் இங்கே அதிகம் பயன்படுவது அணிநூல் அன்று. நாடக வழக்கை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட மெய்ப்பாட்டியல் உரைகளே.

உரையாசிரியர்கள் உணர்ச்சியை நான்கு படிகளாகப் பிரிக்கின்றனர். புலியைக் கண்டு ஒருவன் அஞ்சினால், புலி சுவைப்பொருள்; அதைக் கண்டது முதல் அவனிடம் நீங்காது நிற்கும் அச்சம் சுவை; அதனால் வரும் மயக்கமும் ஒளிதலும் குறிப்பு; நடுக்கமும் வியர்வையும் விறல் அல்லது சத்துவம். இளம்பூரணர் காட்டும் இந்த எடுத்துக்காட்டில் உணர்ச்சி உள்ளே அடைபட்டுக் கிடப்பதில்லை, உடம்பில் வந்து முடிகிறது. அவர் மேற்கோளாகத் தரும் செயிற்றியம் என்ற பழைய நாடக நூல் சுவை இருவகை நிலத்தில் நிகழ்வதாகச் சொல்லும்: நிகழ்த்துகிற உய்ப்போன் ஒரு நிலம், காண்போன் மற்றொன்று. முன்னவன் செய்தது பின்னவனுக்கு எய்துவதே மெய்ப்பாடு. மேடைக்கும் அவைக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது, உணர்ச்சி அதைக் கடந்து போகிறது என்பது இதன் அடிப்படை. அந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதை அறியக் கணினித் திரைக்குப் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துச் சிற்றூர்களுக்குப் போனால் போதும்.

தொண்டை மண்டலத்தில் வேனிற்காலம் பாரத விழாவின் காலம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், இரவில் கூத்து நடக்கும், இறுதியில் தீமிதி. காஞ்சிபுரத்தில் 1990இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கம், பெருங்கட்டூர் பாணிக் கலைஞரான பெ. ராஜகோபாலும் நெதர்லாந்து ஆய்வாளரான ஹன்னே எம். டி ப்ரூயினும் முன்னின்று நடத்தியது. புஞ்சரசந்தாங்கல் ஊரில் அது 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிக் கல்வியோடு கூத்தும் பயின்றனர். கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக்கட்டை அணிகளைத் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டி ஆடுவதால் இக்கலைக்குக் கட்டைக்கூத்து என்று பெயர். இரவு முழுவதும் ஆடும் இக்கூத்தில் பார்ப்பவர்கள் உறங்குவதும் விழிப்பதும் தேநீர் குடிக்கப் போவதும் இயல்பு. எல்லாரும் மூச்சடக்கி ஒன்றிப்போனால்தான் உணர்ச்சி பிறக்கும் என்று விளையாட்டு ஆய்வில் பெருவழக்காக உள்ள நம்பிக்கைக்குக் கூத்துக்களம் சான்று தருவதில்லை.

அர்ச்சுனன் தபசு நாளில் வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுகிறார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே ஈரத்துணியோடு காத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்வையாளர் என்று சொல்ல முடியாது. பழம் மடியில் விழுந்தால் அது அவர்கள் வாழ்வில் நடந்த ஒன்று. பதினெட்டாம் போருக்குரிய படுகளத்தன்று நிலைமை இன்னும் கூர்மையாகிறது. திடலில் துரியோதனனின் மிகப் பெரிய மண்ணுருவம் படுத்த நிலையில் செய்யப்பட்டிருக்கும். வீமன் வேடமும் துரியோதனன் வேடமும் அதைச் சுற்றி ஓடிப் போரிடுகின்றன. ஊரார் பின்னாலேயே ஓடுகிறார்கள். தொடை பிளக்கப்பட்டுச் செந்நீர் தெறித்ததும் திரௌபதி கூந்தலை முடிக்கிறாள். ஆவேசம் வேடக்காரரோடு நிற்பதில்லை. கூட்டத்திலும் சிலருக்கு வரும். அந்த நேரத்தில் யார் உய்ப்போன், யார் காண்போன் என்று பிரித்துக் காட்டச் செயிற்றியத்தாலும் இயலாது.

கர்ண மோட்சம் இன்னொரு வகை. கர்ணனும் மனைவி பொன்னுருவியும் பிரியும் இந்தக் கூத்தை இப்பகுதியில் இறந்தவரின் கருமாதியையொட்டி ஆடுவிக்கும் வழக்கம் உண்டு. தந்தையை இழந்த வீட்டார் கர்ணன் சாவதைப் பார்க்கிறார்கள். அழுகை, தானே அவலித்தலும் பிறர் அவலம் கண்டு அவலித்தலும் என இருவகைப்படும் என்கிறார் மெய்ப்பாட்டியலின் மற்றோர் உரையாசிரியரான பேராசிரியர். கர்ண மோட்சத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் வீட்டாரின் கண்ணீர் எந்த வகை? இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்துவிட்ட நிலை அது. வீடியோ விளையாட்டு இதே கலப்பை வேறு வழியில் உண்டாக்குகிறது. அதன் வழி, கை.

2013இல் ஜோசஃப் ஃபேரஸ் இயக்கிய ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ இதற்குத் தெளிவான சான்று. கட்டுப்பாட்டுக் கருவியின் இடப்பக்கம் அண்ணனையும் வலப்பக்கம் தம்பியையும் இயக்குகிறது. தம்பிக்கு நீரென்றால் பயம். அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். அண்ணன் இறந்தபின் ஆறு மீண்டும் குறுக்கிடுகிறது. தம்பிக்குரிய பொத்தானை அழுத்தினால் அவன் இறங்க மறுக்கிறான். பல மணிநேரம் அண்ணனை இயக்கிவந்து, இப்போது வேலையற்றுக் கிடக்கும் இடக்கை விரல் தானாக அந்தப் பழைய பொத்தானை அழுத்தும்போதுதான் அவன் நீந்துகிறான். வசனம் இல்லை, அழும் முகத்தின் அண்மைக்காட்சியும் இல்லை. இழவு என்ற களம் விரலில் அமைந்திருக்கிறது.

தமிழ் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு இவ்வழியில் வெற்றி கண்டது ‘வெண்பா’. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட இச்சிறு விளையாட்டு, 2024இல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதையும், அதே ஆண்டு அமெரிக்காவில் தனிப்படைப்பாளர் விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும் பெற்றது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரே கதை. தாய் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்துபோய்ப் பல இடங்களில் எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்ட படிகளை ஆடுபவர் ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்பது முதல் புதிர். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு அது புதிரே அன்று, கை அறிந்த செய்தி; பிறருக்கு ஆராய்ச்சி. ஒரே செயல் ஒருவருக்கு உவகையையும் மற்றவருக்கு மருட்கையையும் தருகிறது. பின்னணியில் வானொலி பாடும் பாடல்கள் அந்தந்தக் காலத் திரையிசையின் சாயலில் புதிதாக அமைக்கப்பட்டவை.

ஆனால் வெண்பாவின் உணர்ச்சி உணவு நினைவில் இருக்கிறது என்று பாராட்டி முடித்துவிடுவது மேம்போக்கான வாசிப்பு. சமையலில் பிழை செய்தால் திருத்திக்கொள்ளலாம். தோல்வி என்பதே கிடையாது. அடுப்பங்கரையில் ஆடுபவரின் கைக்கு முழு ஆற்றல் உண்டு. உரையாடலிலோ தேர்வுகள் தரப்படுகின்றன, கதையின் போக்கை அவை மாற்றுவதில்லை. தாய் எதைச் சொன்னாலும் மகன் தமிழிலிருந்தும் வீட்டிலிருந்தும் விலகிக்கொண்டே போகிறான். பாவலனின் சாவையும் தடுக்க முடியாது. இதைச் சில விமர்சகர்கள் வடிவமைப்பின் குறையாகக் கண்டனர். உண்மையில் படைப்பின் நுட்பம் இங்கேதான் உள்ளது. அடுக்களையில் எல்லாம் கைகூடி, பிள்ளையின் முன் எதுவும் கைகூடாத ஒரு தாயின் நிலையை விவரிக்காமல் ஆடுபவர்மேல் ஏற்றிவிடுகிறது. பின்பகுதியில் ஆடுபவர் கவினாக மாறி அதே குறிப்பேட்டைப் பார்க்கும்போது தமிழ் எழுத்து பிடிகொடுப்பதில்லை. முன்பு அழிந்த எழுத்து தடையாக இருந்தது. இப்போது எழுத்து இருந்தும் படிக்க இயலாமை தடை. எட்டு மெய்ப்பாடுகளை அடுத்து மெய்ப்பாட்டியல் தரும் முப்பத்திரண்டின் பட்டியலில் கையாறும், அதாவது செயலற்றுப்போகும் நிலையும், ஒன்று. எட்டின் அழுகையைவிட இதுவே வெண்பாவின் தலைமை உணர்ச்சி.

ஆடுபவரின் கையோடு பிணைந்த இத்தகைய உணர்ச்சியை வெறும் தற்செயல் உண்டாக்காது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் பாம்பின் வாய்க்குள் காய் விழுந்தால் ஏமாற்றம் வரும், சிரிப்பும் வரும், குற்றவுணர்வு வராது. விழுந்தது தாயக்கட்டையின் செயல். பணம் வைத்து ஆடுவதோ இன்னொரு துருவம்: அங்கே இழப்பு மெய்யான இழப்பு, மெய்ப்பாட்டுக்கு இடமில்லை, வறுமைக்கே இடமுண்டு. தமிழ்நாட்டில் விளையாட்டும் உணர்ச்சியும் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் இந்தத் துருவத்தையே சுற்றி வருகிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் பற்றிய 2022ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் அதன் விளைவுகள். அவற்றின் தேவை வேறு விவாதம். பகடையில் மனைவியைப் பணயம் வைத்தவனின் கதையை ஆண்டுதோறும் ஆடிவரும் நாட்டுக்கு அந்த ஆபத்தை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சூதையும் வெண்பாவையும் ஒரே தராசில் நிறுப்பது ஆய்வாகாது.

மெய்ப்பாட்டுக் கொள்கை இடறும் இடமும் உண்டு. போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ விளையாட்டில் முற்றுகைக்குள்ளான நகரத்துக் குடிமக்களை ஆடுபவர் பிழைக்கவைக்க வேண்டும். மருந்துக்காக ஒரு முதிய தம்பதியின் வீட்டைக் கொள்ளையடிக்கலாம். அவர்கள் எதிர்த்துப் போரிடமாட்டார்கள், கெஞ்சுவார்கள். அதன்பின் ஆடுபவருக்கு வருவது அழுகையும் அன்று, இளிவரலும் அன்று. முப்பத்திரண்டில் உள்ள நாணல் ஓரளவு நெருங்குகிறது, ஆனால் நாண் பழிக்கு அஞ்சுவது. இது பழி நேர்ந்தபின் வருவது. மெய்ப்பாட்டியலின் மாந்தர் பெரும்பாலும் உணர்பவர்கள், அகத்திணையில் காத்திருப்பவர்கள். தீமையைத் தாமே செய்து அதைத் தாமே பார்க்க நேர்பவர்கள் அல்லர். இதற்குரிய களங்களை வகுக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.

கூத்தோடு ஒப்பிடுவதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, படுகளம் ஊர் கூடிச் செய்வது, விளையாட்டோ தனியறையில் ஒருவர் ஆடுவது என்பதாகும். மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆடலாம் என்பதை ஒரு வேறுபாடாகக் கொள்ள முடியாது. துரியோதனனும் ஆண்டுதோறும் சாகிறான், முடிவு தெரிந்தே ஊர் அவன் பின்னால் ஓடுகிறது. தனிமை பற்றிய மறுப்போ உண்மையானது. படுகளத்தில் பெருகும் ஆவேசத்தை ஊரே தாங்கிக்கொள்கிறது, தெளிவிக்கவும் ஆள் உண்டு. விளையாட்டில் பிறக்கும் கையாற்றைத் தாங்க அருகே எவரும் இல்லை. இந்தக் குறையை யூடியூப் போன்ற தளங்கள் எதிர்பாராத வகையில் நிரப்புகின்றன. ஒருவர் ஆடுவதைப் பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். திரையின் பெரும்பகுதியில் சுவைப்பொருள், மூலையில் ஒரு சிறு கட்டத்தில் ஆடுபவரின் முகம், அதாவது அவருடைய விறல். உய்ப்போனும் காண்போனும் அங்கே மறுபடியும் இருவராகிவிடுகின்றனர். அஞ்சியவனைக் கண்டவருக்கு அச்சமே வர வேண்டும் என்பதில்லை, நகையும் கருணையும் வரலாம் என்று உரையாசிரியர்கள் எண்ணிப் பார்த்த சிக்கல், ஒருவர் அழுது ஆட மற்றவர்கள் அதைச் சிரித்துப் பார்க்கும் இந்தக் களத்தில் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.