கரும்பலகையில் இல்லாத பெயர்கள்

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நம் நேரம் காலை ஐந்தரை மணிக்கு, அமெரிக்காவில் போட்ட ஒரு மேடையைக் கைபேசியில் பார்க்கிறவர்களில் நாங்களும் உண்டு. அங்கே அது வியாழன் இரவு எட்டு மணி. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய தொழில்முறை அமைப்பான என்எஃப்எல், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தன் அணிகளுக்குப் பிரித்தெடுக்கும் நாள் அது. டிராஃப்ட் என்பார்கள். ஆட்டம் எதுவும் கிடையாது. ஒருவர் மேடையேறிப் பெயரை வாசிக்கிறார், ஓர் இளைஞன் தன் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுகிறான், அடுத்த பெயர். இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று தோழர்கள் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கான பதில்.

ஐபிஎல் ஏலம் போன்றதல்ல இது. இங்கே பணத்தைக் கூட்டிக் கேட்க முடியாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் நின்ற அணிக்கே முதல் தேர்வு. கோப்பையை வென்ற அணி ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்கும். அணிகள் தங்கள் முறையைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அடிப்படை விதி இதுதான்: பின்தங்கியவருக்கு முதல் வாய்ப்பு.

இந்த விதியைக் கொண்டுவந்தவர்கள் பொதுவுடைமையாளர்கள் அல்ல, அணி முதலாளிகள். 1935இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் இதை முன்மொழிந்தார். பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால் ஏழை அணிகள் என்றைக்கும் எழாது, அணிகள் எழாவிட்டால் போட்டியே செத்துவிடும் என்பது அவர் வாதம். ஆட்டக்காரர் ஒரே அணியிடம்தான் பேரம் பேச முடியும் என்பதால் சம்பளமும் குறையும். அந்த லாபக்கணக்கும் அதில் இருந்தது. மற்ற முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். "தகுதி, திறமை கெட்டுவிடும்" என்று ஒருவரும் கூப்பாடு போடவில்லை. சமமில்லாத இடத்திலிருந்து தொடங்கினால் போட்டி நேர்மையாக இருக்காது, கீழே இருப்பவருக்குக் கை கொடுத்தாக வேண்டும் என்பது முதலாளிகளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. தங்களுக்குள் என்று வரும்போது மட்டும்.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவில், ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் நடந்தது. ஒன்பது அணிகள். ஒரு கரும்பலகையில் 90 ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதி வைத்தார்கள். அவர்களில் 81 பேர் தேர்வானார்கள். முதலில் தேர்வான ஜே பெர்வாங்கர் கடைசிவரை என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நாம் பார்க்க வேண்டியது வேறொன்று. அந்தக் கரும்பலகையில் ஒரு கருப்பரின் பெயர்கூட இல்லை.

திறமையான கருப்பர்கள் இல்லாமல் இல்லை. 1920இல் முதல் சாம்பியனான ஏக்ரன் அணியில் ஃபிரிட்ஸ் பொல்லார்ட் என்ற கருப்பர் ஆடினார். அடுத்த ஆண்டு அந்த அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். 1933 வரை ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கருப்பர்கள் ஆடியிருக்கிறார்கள். அந்த ஆண்டோடு கதவு மூடப்பட்டது. 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு பருவங்கள், ஒருவர்கூட இல்லை. அதற்கு எழுதப்பட்ட விதி ஏதும் கிடையாது. பின்னாளில் கேட்டபோது, அப்படியொரு ஒப்பந்தமே இருந்ததில்லை என்று முதலாளிகள் மறுத்தார்கள். எழுதாத விதியின் வசதி அதுதான். டீக்கடைத் தனிக்குவளைக்கு எந்த அரசாணை இருந்தது?

கென்னி வாஷிங்டனின் கதையைப் பாருங்கள். 1939இல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ கல்லூரி அணிக்காக ஆடி, தாக்குதல் ஆட்டத்தில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர். அந்த டிசம்பரில் நடந்த டிராஃப்டில் ஒரு அணியும் அவரைக் கூப்பிடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து 1946இல், முழங்கால்கள் தேய்ந்த 27 வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அவரைச் சேர்த்தது. அதே ஆண்டு அவருடைய கல்லூரித் தோழர் வுடி ஸ்ட்ரோடும் சேர்ந்தார்.

முதலாளிகளின் மனம் மாறியதால் இது நடக்கவில்லை. கிளீவ்லாண்டிலிருந்து இடம் மாறி வந்த ராம்ஸ் அணிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் மைதானம் தேவைப்பட்டது. அது மக்கள் வரிப்பணத்தில் கட்டிய பொது மைதானம். கருப்பர் பத்திரிகையான 'லாஸ் ஏஞ்சலிஸ் டிரிப்யூன்' இதழின் விளையாட்டு எழுத்தாளர் ஹாலி ஹார்டிங் மைதான ஆணையத்தின் கூட்டத்திலேயே எழுந்து பேசினார். கருப்பர்களும் வரி கட்டிய மைதானத்தில் கருப்பர்களை ஒதுக்கும் அணிக்கு எப்படி இடம் தரலாம் என்பதே பிரச்சினை. பதில் சொல்ல முடியாமல்தான் கதவு திறந்தது.

அதே 1946 ஜூலையில்தான் அண்ணல் அம்பேத்கர், கருப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கருப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டிருந்தார். டுபோய்ஸ் அந்த மாதமே பதில் எழுதினார். அவர்கள் போராட்டத்தைப் படிப்பது நமக்குப் புதிய பழக்கமல்ல. பாபாசாகேப் தொடங்கி வைத்தது.

கருப்பர் ஒருவரின் பெயர் டிராஃப்டில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது 1949ஆம் ஆண்டுக்கான தேர்வில். ஜார்ஜ் டாலியஃபெரோ, 13ஆம் சுற்று. ஆனால் வாஷிங்டன் அணி மட்டும் அசையவில்லை. அதன் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் 1961 வரை ஒரு கருப்பரையும் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு தலைநகரில் அவர் அணிக்குப் புதிய ஸ்டேடியம் தயாரானது. அது நின்றது கூட்டாட்சி அரசின் நிலத்தில். கென்னடி அரசின் உள்துறைச் செயலாளர் ஸ்டூவர்ட் உடால், பாகுபாடு காட்டினால் அந்த ஸ்டேடியத்தில் ஆட முடியாது என்று எச்சரித்தார். டிசம்பரில் நடந்த டிராஃப்டில் வாஷிங்டன் தன் முதல் தேர்வாகக் கருப்பின வீரர் எர்னி டேவிஸை எடுத்து, அவரைக் கொடுத்து பாபி மிட்செல் என்ற இன்னொரு கருப்பின வீரரை வாங்கியது. 1962இல் மிட்செல் களமிறங்கினார். கடைசிக் கோட்டையும் விழுந்தது. இங்கேயும் நெம்புகோல் பொது நிலம்தான்.

உள்ளே போன பிறகும் வேலைப் பிரிவினை தொடர்ந்தது. ஓடு, தடு, மோது என்றால் கருப்பர். ஆட்டத்தைத் திட்டமிட்டு நடத்தும் குவார்ட்டர்பேக் என்றால் வெள்ளையர். கருப்பருக்கு உடம்பு உண்டு, மூளை போதாது என்பது அதன் பொருள். இந்தப் பேச்சு நம் காதுக்குப் புதிதா என்ன? 1978இல் கல்லூரி ஆட்டத்தின் பெரிய மேடையான ரோஸ் பவுலில் சிறந்த வீரராகத் தேர்வான குவார்ட்டர்பேக் வாரன் மூனை, அந்த ஆண்டு டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஐந்து கோப்பைகள் வென்ற பிறகே என்எஃப்எல் அவரைத் தேடி வந்தது. அதே 1978இல் முதல் சுற்றிலேயே தேர்வான டக் வில்லியம்ஸ், 1988 ஜனவரியில் சூப்பர் பவுலை வென்ற முதல் கருப்பின குவார்ட்டர்பேக் ஆனார். எந்த அணிக்காகத் தெரியுமா? மார்ஷலின் அதே வாஷிங்டன் அணிக்காக.

திறமை எங்கே இருக்கிறது என்பது தேடுகிறவரின் கண்ணைப் பொறுத்தது. கருப்பர் பத்திரிகையான 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழில் பணியாற்றிய பில் நன், கருப்பினக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் பட்டியலிட்டு வந்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை வேலைக்கு எடுத்தது. 1974 டிராஃப்டில் அந்த அணி எடுத்தவர்களில் நால்வர் பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அலபாமாவின் ஒரு கருப்பினக் கல்லூரியிலிருந்து வந்த ஜான் ஸ்டால்வொர்த் அவர்களில் ஒருவர். ஆறு பருவங்களில் நான்கு கோப்பைகள். மற்றவர்கள் எட்டிப் பார்க்காத ஊர்களில் நன் பார்த்தார், அவ்வளவுதான்.

இன்று என்எஃப்எல் ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கருப்பர்கள். ஆனால் 32 அணிகளில் ஒன்றுக்குக்கூட கருப்பர் பெரும்பான்மை உரிமையாளராக இல்லை. 2021 டிராஃப்டில் கருப்பினக் கல்லூரிகளிலிருந்து ஒருவரும் தேர்வாகவில்லை. பெயர் வாசிக்கப்படும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். வாசிப்பவரின் இடம் இன்னும் தூரத்தில் இருக்கிறது.

தோழர்களே, "தகுதி, திறமை" என்று யாராவது பேச வந்தால் வாதத்துக்கு முன் பட்டியலைக் கேளுங்கள். பட்டியலை எழுதியது யார், யார் பெயர் முதலிலேயே எழுதப்படவில்லை என்று கேளுங்கள். அடுத்து, அது யாருடைய நிலம், யாருடைய வரிப்பணம் என்று கேளுங்கள். நம் நாட்டில் தனியார் நிறுவனங்கள் அரசிடம் நிலம் பெறுகின்றன, வரிச்சலுகை பெறுகின்றன. இடஒதுக்கீடு என்றதும் மட்டும் தனியார் ஆகிவிடுகின்றன. ஹார்டிங் எழுந்து கேட்ட கேள்வி அங்கே காத்திருக்கிறது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஜெய் பீம்.