ஆட்பெயர் தாங்கிய இனப்பெயர்கள்: எழுத்து விதிகள்

உயிரினத்தின் அறிவியல் பெயரில் இரண்டாம் சொல் ஒரு மனிதரைச் சிறப்பிக்கும்போது, அவர் பெயர் பெரும்பாலும் இலத்தீன் ஆறாம் வேற்றுமை உருபேற்று நிற்கும். முதலெழுத்து சிறியதாகவே இருக்கும். ஆணுக்கு ‘ஐ’ எழுத்தும் பெண்ணுக்கு ‘ஏ’, ‘ஈ’ என்ற இரண்டெழுத்தும் இறுதியில் சேரும். ஓவியர் எலிசபெத் கூல்டின் பெயரை ஏத்தோபைகா கூல்டியே என்னும் தேன்சிட்டு தாங்குகிறது.

சிக்கல் ‘ஐ’ ஒன்றா இரண்டா என்பதில்தான். தாவரவியல் விதிப்படி, மெய்யெழுத்தில் முடியும் ஆண்பெயருக்கு இரட்டை ‘ஐ’ வேண்டும். ஹூக்கர் போல ‘ஈ’, ‘ஆர்’ எழுத்துகளில் முடிந்தால் ஒன்றே போதும். தவறான ஈற்றைப் பின்வருவோர் திருத்தலாம். விலங்கியலில் அப்படியல்ல: முதலில் பெயரிட்டவர் எழுதியதே நிலைக்கும். அதனால் டேவிட் அட்டன்பரோவின் பெயர் பிலிப்பைன்ஸ் குடுவைத் தாவரத்தில் இரட்டை ‘ஐ’யுடனும், நியூகினி முள் எறும்புண்ணியில் ஒற்றை ‘ஐ’யுடனும் வருகிறது.

சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோமின் நிலை இன்னும் சுவையானது. 1876-இல் விலங்கியலாளர் குந்தர் ஒரு தவளைக்கு அவர் பெயரை இலத்தீனாக்கி இரட்டை ‘ஐ’யில் எழுதினார், அதே ஆண்டு இயற்கையியலாளர் தியோபால்ட் ஒரு பல்லிக்கு ‘ஈ’யை விடாமல் ஒற்றை ‘ஐ’ சேர்த்தார். இரண்டும் இன்றும் செல்லும். ஒழுங்கைவிட நிலைத்தன்மைக்கு முதலிடம் தரும் விலங்கியலின் இந்த முடிவு சரியானதே. தேடுவோருக்குப் பெயர் மாறாதிருப்பதே முக்கியம்.

இறுதியில் இரண்டு ‘ஐ’ இருந்தாலே அது இரட்டை உருபாகிவிடாது. மேகமலையில் கிடைத்து 1972-இல் பெயரிடப்பட்ட வௌவால் லாட்டிடென்ஸ் சலீமலீ. அதன் இறுதியிலுள்ள இரண்டு ‘ஐ’களில் முந்தையது சலீம் அலியின் பெயருக்கே உரியது, உருபு பிந்தையது மட்டுமே.